மடவார் வளாகத்தில் ஒரு போலந்து நாரை!

"லக்கேஜ் டிக்கெட் எடுத்தாத்தான் விசில் அடிப்பேன்" என்று கண்டக்டர் அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார். அவர் மேல் தப்பில்லை. பழைய வேட்டியில் சுற்றி, இரண்டு பேர் தோளில் தாங்கி, ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு எதையோ கொண்டுவந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

"என்னதுப்பா இது?"

"ஏரோப்ளேன் அண்ணே. மாடல். இன்ஜின் இல்லாதது, கிளைடர்."

"ஏரோப்ளேன வச்சுக்கிட்டு எதுக்குய்யா பஸ்ல வர்றீங்க? அதுலயே போகலாம்ல?"

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் மொத்தமும் சிரித்தது. நாங்களும் சிரித்தோம், வேற வழி? லக்கேஜ் டிக்கெட்டும் எடுத்தோம்.

வந்தது நாங்கள் ரெண்டு பேர். நானும் 'வளாகமும்'. ஹாஸ்டலில் அவனுக்கு அதுதான் பேர். முதல் வருஷ ராகிங்கில் "சொந்த ஊர் எது?" என்று சீனியர் கேட்க, இவன் "மடவார் வளாகம்" என்று சொல்ல, "டேய், கேம்பஸ் பேரைக் கேக்கல, ஊர் பேரைச் சொல்லு" என்று அந்த சீனியர் கடுப்பாக, அன்றிலிருந்து அவன் வளாகம். அவன் சேர நினைத்தது ஏரோநாட்டிக்கல். வீட்டுக் கணக்குக்கு ஒத்துவந்தது மெக்கானிக்கல். அதனால் என்ன, ஹாஸ்டல் ரூம் முழுக்க பால்சா மரத்தூள்தான்.

எங்கள் கல்லூரியில் ஒரு போட்டி. பழைய காலத்துப் பயிற்சி கிளைடர் ஒன்றின் மாதிரியைச் செய்து பறக்க விட வேண்டும். எல்லோரும் ஜெர்மன் கிளைடர் பின்னால் ஓடினார்கள். வளாகம் மட்டும் லைப்ரரியில் ஒரு தடித்த பழைய விமானப் புத்தகத்தைப் புரட்டி, மூணு கோணத்தில் வரைந்த ஒரு படத்தைக் காட்டினான். "இதான் மாப்ள. போலந்துக்காரன் செஞ்சது. பேரு போச்சான்."

"பேர்லயே 'போச்சு' இருக்கேடா!"

"போலிஷ்ல அப்படின்னா நாரை. சும்மா நாரை இல்ல... செங்கால் நாரை."

நம்ம சத்திமுத்தப் புலவர், மதுரையில் குளிரில் நடுங்கிக்கொண்டு மனைவிக்குத் தூது அனுப்பினாரே, ப்ளஸ் டூ வரைக்கும் நம்மை விடாமல் துரத்தியதே, அதே செங்கால் நாரை! போலந்தில் அதற்கு ராஜ மரியாதை. வீட்டுக் கூரையில் கூடு கட்டினால் அதிர்ஷ்டம் என்பார்கள். 2004-ல் எண்ணிப் பார்த்தபோது அந்த ஒரு நாட்டில் மட்டும் 50,000 ஜோடிக்கு மேல் இருந்ததாம். குளிர்காலத்தில் நம்ம ஊர்ப்பக்கமும் அபூர்வமாக எட்டிப் பார்க்கும். எங்கள் கிளைடரின் பூர்வோத்திரம் இதுதான். ஆறு வாரம் பால்சா குச்சி, மெல்லிய காகிதம், டோப் வாசனை. நிஜ போச்சானின் இறக்கை நுனிக்கு நுனி சுமார் 18 மீட்டர். அதை பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்கினோம். காக்பிட்டில் களிமண்ணில் ரெண்டு பொம்மையும் உண்டு. முன்னால் மாணவர், பின்னால் வாத்தியார். வாத்தியாருக்கு மட்டும் மீசை வைத்தோம்.

செய்தாகிவிட்டது. பறக்குமா? கல்லூரி மைதானத்தில் சோதிக்கலாம் என்றால் சுற்றிலும் கட்டடம், மரம், போதாக்குறைக்கு கிரிக்கெட். "எங்க ஊருக்கு வா, காத்தைக் காட்டுறேன்" என்றான் வளாகம். அதற்குத்தான் இந்தப் பங்குனி மாத ஞாயிற்றுக்கிழமைப் பயணம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் எல்லோருக்கும் ஆண்டாள் கோவில் கோபுரமும் பால்கோவாவும்தான். ராஜபாளையம் என்றால் நாய். இந்த ரெண்டுக்கும் நடுவில், வில்லிபுத்தூரை ஒட்டியே இருக்கிறது மடவார் வளாகம். மடவார் என்றால் பெண்கள். பேரைக் கேட்டவுடன் வரும் கிண்டலை எல்லாம் என் நண்பன் மூணு வருஷமாகக் கேட்டுச் சலித்துவிட்டான், நீங்களும் ஆரம்பிக்க வேண்டாம். ஊரின் மையம் வைத்தியநாத சுவாமி கோவில். பிரசவ வலியில் துடித்த பெண்ணுக்கு அவளோட அம்மா வடிவில் சிவனே வந்து பிரசவம் பார்த்தார் என்பது கோவில் கதை. திருமலை நாயக்கரின் வயிற்று வலி இங்கேதான் தீர்ந்ததாம். சந்தோஷத்தில் வந்த பல்லக்கைக் கோவிலுக்கே கொடுத்துவிட்டு மதுரைக்கு நடந்தே திரும்பினார் என்கிறார்கள். எழுபது கிலோமீட்டருக்கு மேல்! எங்களுக்கு லக்கேஜ் டிக்கெட்டே வலித்தது.

கோவிலைத் தாண்டி மேற்கே பார்த்தால் மலை. பின்பக்கம் பெரிய நீலத் திரையைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி மேற்குத் தொடர்ச்சி மலை. செண்பகத்தோப்பு அந்தப் பக்கம்தான். சாம்பல் நிற அணிலுக்காக 1988-ல் சரணாலயமாகி, 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்த காடு. ராத்திரியில் மரத்துக்கு மரம் மிதந்து போகும் பறக்கும் அணிலும் அங்கே உண்டு. கிளைடர் சங்கத்தில் அதுதான் சீனியர் மெம்பர்.

ஒரு ஊரை டூரிஸ்ட் ஒரு மாதிரி பார்ப்பார், பக்தர் ஒரு மாதிரி பார்ப்பார். கிளைடர் ஓட்டுபவர் பார்க்கிற விதமே தனி. இன்ஜின் கிடையாது. கிளைடர் எப்போதுமே இறங்கிக்கொண்டுதான் இருக்கும், சுற்றியிருக்கும் காற்றைப் பொறுத்தவரை. போச்சானின் கணக்கு 26-க்கு 1. ஒரு மீட்டர் இறங்குவதற்குள் 26 மீட்டர் முன்னால் போகும். மடவார் வளாகத்துக்கு மேலே ஒரு கிலோமீட்டர் உயரத்தில் விட்டால், காற்று சும்மா இருக்கும் பட்சத்தில், ராஜபாளையத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடலாம். திரும்பும்போது சக்கரம் தென்னை மரத்தில் உரசும், அவ்வளவுதான்!

அதற்கு மேல் தூரம் போக ஒரே வழி, நாம் இறங்குவதைவிட வேகமாக ஏறும் காற்றைக் கண்டுபிடித்து அதற்குள் வட்டமடிப்பது. வெயிலில் எல்லா இடமும் ஒரே மாதிரி சூடாவதில்லை. காய்ந்த தரை சீக்கிரம் சூடாகும், ஈரமான வயல் ஆகாது. சூடான தரைக்கு மேல் இருக்கும் காற்று லேசாகி, ஒரு நேரத்தில் தரையை விட்டுக் கழன்று, தூண் மாதிரி மேலே கிளம்பும். அதுதான் தெர்மல். மேலே போகப் போக அழுத்தம் குறைந்து, ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி வீதம் குளிரும். ஈரம் இருந்தால் உச்சியில் பஞ்சு மேகமாகும். ஆக, பயிற்சி கிளைடரில் கற்றுக்கொள்வது ஸ்டிக்கை ஆட்டுவதை மட்டும் இல்லை. கீழே இருக்கிற ஊரைப் படிக்கவும்தான். எது காய்ந்த பொட்டல், எது தெப்பக்குளம், எது தார் ரோடு, பருந்து எங்கே சுற்றுகிறது...

அந்தப் பாடத்துக்கு எங்களுக்கு ஒரு வாத்தியார் கிடைத்தார். வளாகத்தின் தாத்தா. எழுபதைத் தாண்டியவர், கையில் துண்டு, வாயில் வெற்றிலை. ஊருக்கு வெளியே காய்ந்து கிடந்த கண்மாய்க்கு எங்களோடு வந்து, கரையில் வேப்பமர நிழலில் உட்கார்ந்துகொண்டார்.

"ஏய்யா, இது மேல போறதுக்கு என்ன ஊத்தணும்?"

"ஒண்ணும் ஊத்த வேணாம் தாத்தா. காத்துலயே போகும்."

"அப்ப இப்ப விடாதீங்க. வெயில் ஏறட்டும். தரை இன்னும் சுடல பாரு."

மணி அப்போது பத்து கூட ஆகவில்லை. நாங்கள் கேட்கவில்லை. இன்ஜினீயர்களாச்சே! பட்டம் விடுகிற மாதிரி முப்பது மீட்டர் நைலான் நூல், நுனியில் ஒரு வளையம், கிளைடர் வயிற்றில் ஒரு கொக்கி. நான் நூலைப் பிடித்து ஓட, வளாகம் கிளைடரைக் கைவிட்டான். அது நேராக ஏறி, பாதி வழியில் மனசு மாறி, இடது பக்கம் சாய்ந்து, மூக்கைக் கண்மாய் மண்ணில் குத்தியது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆறு வாரம்! மூக்குப் பகுதி பிளந்து, காக்பிட் மூடி தனியே போய் விழுந்தது. வளாகம் ஒன்றும் பேசவில்லை. போட்டிக்கு நாலு நாள்தான் இருந்தது.

"வைத்தியநாதர் ஊர்ல விழுந்திருக்கு, பொழச்சுக்கும். எடுத்துட்டு வாங்க" என்றார் தாத்தா.

ஃபெவிகுவிக் காயும் நேரம் பேச்சுக்கான நேரம். தாத்தாவுக்குக் கதை சொன்னோம். நீங்களும் கேளுங்கள்.

பறவையைப் பார்த்துப் பறக்கக் கற்ற முதல் ஆள்களில் ஒருவர் ஜெர்மனியின் ஓட்டோ லிலியன்தால். 1889-ல் அவர் எழுதிய புத்தகமே பறவைப் பறத்தல் பற்றியதுதான். அதில் அவருக்குப் பாடம் எடுத்த பறவை எது தெரியுமா? செங்கால் நாரை! தானே செய்த கிளைடர்களில் குன்றிலிருந்து பாய்ந்து இரண்டாயிரம் தடவைக்கு மேல் பறந்தார். 1896 ஆகஸ்ட்டில் விழுந்து இறந்துபோனார். கற்றுக்கொடுக்க ஆளே இல்லாத மாணவர்.

அடுத்த தலைமுறைக்கு ஆள் இருந்தார், ஆனால் தரையில். 1930-களில் போலந்து பையன்கள் கற்றுக்கொண்ட கிளைடரின் பெயர் வ்ரோனா. அப்படி என்றால் காகம். 1932-ல் அதை வடிவமைத்தவர் அன்டோனி கோட்சியான், வார்சாவில் சொந்தமாக கிளைடர் பட்டறை வைத்திருந்த இன்ஜினீயர். தன் கிளைடர்களுக்குக் காகம், கொசு, வல்லூறு என்றெல்லாம் பேர் வைத்த ஜாலியான மனுஷன். வ்ரோனாவில் ஒரே ஒரு இருக்கை. முதல் தடவையே தனியாகத்தான் பறக்கணும். மலைச்சரிவில் கிளைடரை வைத்து, வாலை ரெண்டு பேர் பிடித்துக்கொள்ள, மூக்கில் மாட்டிய ரப்பர் கயிற்றை மற்ற மாணவர்கள் 'வி' வடிவத்தில் இழுத்துக்கொண்டு சரிவில் ஓடுவார்கள். வாலை விட்டால், கவண் கல்தான்! அதன்பிறகு வாத்தியார் கீழே நின்று கத்துவது காதில் விழுந்தால் உண்டு. 30 விநாடி பறந்து ஒழுங்காக இறங்கினால் 'ஏ' பேட்ஜ். ஒரு நிமிஷம் என்றால் 'பி'. கிளம்பிய உயரத்துக்கு மேலே ஐந்து நிமிஷம் நின்று காட்டினால் 'சி'. பறந்தது அரை நிமிஷம், கிளைடரைத் தூக்கிக்கொண்டு திரும்ப மலை ஏறுவது அரை மணி. நம்ம ஆண்டாள் கோவில் கோபுரம் 192 அடி. அந்த உயரச் சரிவிலிருந்து விட்டாலும் இந்த மாதிரி ஆரம்பக் கிளைடர் ஒரு நிமிஷம் தாக்குப் பிடித்தால் பெரிய விஷயம்.

கோட்சியானின் கதை அங்கே நிற்கவில்லை. 1939-ல் ஜெர்மனி போலந்துக்குள் புகுந்தது. 1940-ல் அவரைப் பிடித்து ஆஷ்விட்ஸ் முகாமில் அடைத்தார்கள். மறுவருஷம் வெளியே வந்தவர், ரகசியப் படையில் சேர்ந்தார். ஜெர்மன்காரர்கள் சோதனை செய்த ராக்கெட்டுகள் போலந்து மண்ணில் வந்து விழ, அவற்றை ஆராய்ந்து லண்டனுக்குத் தகவல் அனுப்பும் வேலையில் இருந்தவர்களில் நம்ம காகக் கிளைடர்காரரும் ஒருவர். வி-2 என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அந்த ராக்கெட். 1944-ல் மறுபடியும் பிடிபட்டார். அந்த ஆகஸ்ட்டில் வார்சாவில் சுட்டுக் கொன்றார்கள். வயது 42.

"பாவிப் பயலுவ" என்றார் தாத்தா. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அவர் கை வேலை மட்டும் அழியவில்லை. அவருடைய 'ஓர்லிக்' கிளைடர் ஒன்று 1939-ல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்குப் போயிருந்தது. போர் முடிந்ததும் அது பால் மெக்ரெடி என்ற அமெரிக்க இளைஞரிடம் வந்தது. அதை வைத்துத்தான் அவர் 1948, 1949 என்று அடுத்தடுத்து அமெரிக்க சாம்பியன் ஆனார். 1977-ல் மனுஷன் பெடல் மிதித்தே பறக்கும் 'காசமர் காண்டர்' விமானத்தைச் செய்தாரே, அதே மெக்ரெடி!

போச்சானுக்கு வருவோம். போருக்குப் பிறகு போலந்தின் கிளைடர் வேலை எல்லாம் பியெல்ஸ்கோ நகரத்தில் குவிந்தது. அங்கே உருவாகி 1952 மார்ச்சில் முதன்முதலாகப் பறந்தது இந்த நாரை. மரச்சட்டம், ப்ளைவுட், துணி. கீழே ஒரே ஒரு சக்கரம், மூக்கடியில் தேய்ந்து நிற்க ஒரு சறுக்குக் கட்டை. நெருக்கமாக முன்பின்னாக ரெண்டு இருக்கை, ரெண்டு ஸ்டிக். இனி வாத்தியார் கீழே நின்று கத்த வேண்டாம், பின்னால் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாலே போதும். 1970-களின் பின்பாதி வரைக்கும் 600-க்கும் மேல் செய்து நாடு நாடாக அனுப்பினார்கள். பயிற்சி வண்டிதானே என்று இளக்காரமாக நினைக்காதீர்கள். 1966 நவம்பர் 5 அன்று ரெண்டு போலந்துக்காரர்கள் போச்சானில், கயிற்றைக் கழற்றிய இடத்திலிருந்து 11,680 மீட்டர் மேலே ஏறி, ரெண்டு இருக்கை கிளைடருக்கான உலக சாதனை செய்தார்கள். எவரெஸ்ட்டே 8,849தான் பாஸ்! வெறும் மரமும் துணியும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு சின்ன விஷயம். வாத்தியார் சீட்டை எங்கே வைத்திருக்கிறார்கள்? கிட்டத்தட்ட ஈர்ப்பு மையத்தின் மேலேயே. மாணவர் முன்னால், மூக்குப் பக்கம். ஏன்? ஒரு நாள் வாத்தியார் "இன்னிக்கு நீ மட்டும் போ" என்று இறங்கிவிடுவார். அறுபது எழுபது கிலோ திடீரென்று காணாமல் போனால் கிளைடரின் பேலன்ஸ் கெட்டுவிடக் கூடாதே! ஊஞ்சல் பலகையில் நடுவில் இருப்பவர் எழுந்து போனால் யாருக்கும் தெரியாது, ஓரத்தில் இருப்பவர் எழுந்தால் எதிராளி தொம்மென்று விழுவார். அந்தக் கணக்குத்தான். வகுப்பில் ஈர்ப்பு மையம் பற்றி நாலு யூனிட் படித்தபோது ஏறாதது, இந்த ஒரு சீட்டில் ஏறியது.

நம்ம நாட்டிலும் இந்த வேலை ஜோராக நடந்திருக்கிறது. புனே ஹடப்சரில் 1950-லேயே அரசு கிளைடிங் மையம் ஆரம்பித்துவிட்டார்கள். சிவில் ஏவியேஷன் துறையே கிளைடர்கள் வடிவமைத்தது. பேர்களைக் கேளுங்கள்: அஸ்வினி, பரணி, கார்த்திக், ரோகிணி, மிருகசீர், ஆர்த்ரா. நம்ம பஞ்சாங்கத்தில் முதல் ஆறு நட்சத்திரம்! போலந்துக்காரர் காக்கா, கொசு என்று வைத்தால் நம்ம ஆள்கள் ஜாதகமே எழுதியிருக்கிறார்கள். 1958-ல் அஸ்வினி பறந்தது. 1961-ல் வந்த ரோகிணிதான் நிறைய மாணவர்களைப் பறக்க வைத்தது. அதில் வாத்தியாரும் மாணவரும் ஸ்கூட்டர் மாதிரி முன்பின் இல்லை, கார் மாதிரி பக்கத்தில் பக்கத்தில். என்.சி.சி. ஏர்விங் பசங்களும் அதில் பறந்திருக்கிறார்கள். "புனே எவ்வளவு தூரம்?" என்று வளாகத்தைப் பார்த்துக் கேட்டார் தாத்தா. அவன், பசை காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டான்.

போலந்து விமானமும் நமக்குப் புதுசு இல்லை. நம்ம விமானப்படை 1975-லிருந்து ஹகிம்பேட்டில் பயிற்சிக்கு வைத்திருந்த 'இஸ்க்ரா' ஜெட் போலந்து சரக்குத்தான். 2004 டிசம்பரில்தான் அதற்கு ஓய்வு கொடுத்தார்கள்.

மணி பதினொன்று. கண்மாய்த் தரையில் செருப்பு இல்லாமல் நிற்க முடியவில்லை. மூக்கைச் சரிசெய்து, விரல் நுனியில் கிளைடரை நிறுத்திப் பார்த்தோம். வால் கனம். இறக்கையின் முன் விளிம்பிலிருந்து மூணில் ஒரு பங்கு தூரத்தில் நிற்க வேண்டியது, பின்னால் தள்ளி நின்றது. காலையில் குப்புற அடித்த காரணம் அதுதான். மூக்குக்குள் ரெண்டு ஒரு ரூபாய் நாணயம் வைத்து ஒட்டினோம். மூடியையும் டேப் போட்டு இறுக்கினோம்.

"இப்ப விடலாமா தாத்தா?" முதல் தடவையாகக் கேட்டோம்.

அவர் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு செம்பருந்து, அதாவது நம்ம கருடன், இறக்கையை ஒரு தடவைகூட அடிக்காமல் வட்டமடித்துக்கொண்டு மேலே போய்க்கொண்டிருந்தது. தாத்தா கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கும் போட்டுக்கொள்ளத் தோன்றியது, வேற காரணத்துக்காக.

"அது கிழக்க தள்ளி இருக்கு. ஆத்திரப்படாதீங்க. இங்கயும் கெளம்பும்."

"எப்படித் தெரியும்?"

"களத்துல நெல்லு தூத்துனவன்டா நான். காத்து வரும் முன்னாடியே முதுகுல தெரியும்."

பத்து நிமிஷம் போனது. கண்மாயின் நடுவே சருகுகள் எழுந்து சுழல ஆரம்பித்தன. ஆள் உயரம், பிறகு பனை உயரம். "பேய்க்காத்து! அதுக்குப் பக்கத்துல விடு!" என்று தாத்தா எழுந்தே நின்றுவிட்டார். பேயும் இல்லை ஒன்றும் இல்லை, தெர்மல் தரையை விட்டுக் கழன்று கிளம்புவதைத் தூசி காட்டிக்கொடுக்கிறது. ஆனால் கத்துவதற்கு 'பேய்க்காத்து'தான் சரியான வார்த்தை.

நான் நூலை எடுக்கப் போனேன். வளாகம் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். "நான் இழுக்கிறேன். நீ பிடி."

ஓடினான். கிளைடர் என் கையை விட்டு நழுவி, பட்டம் மாதிரி செங்குத்தாக ஏறியது. உச்சியில் நூல் தளர்ந்து வளையம் கழன்றது. ஒரு விநாடி தயங்கியது. பிறகு நாங்கள் சுக்கானில் வைத்திருந்த லேசான திருப்பத்துக்கு இடது பக்கமாக வட்டமடிக்கத் தொடங்கியது. ஒரு வட்டம். ரெண்டாவது வட்டம். இறங்கவில்லை! மூணாவது வட்டத்தில் முன்பைவிட மேலே இருந்தது. வளாகம் வாயைத் திறந்துகொண்டு நின்றான். நான் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே கத்திக்கொண்டிருந்தேன். முப்பது விநாடி, 'ஏ'. ஒரு நிமிஷம், 'பி'! வேப்ப மரத்தைத் தாண்டி, பனை மரங்களைத் தாண்டி, மலைப்பக்கக் காற்று தள்ளத் தள்ள, வட்டம் போட்டபடியே கிழக்கே நகர்ந்தது. ஒன்றே முக்கால் நிமிஷத்தில் ராஜபாளையம் ரோட்டுக்கு மேலே போனது. ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே கீழே கடந்தது. எங்க கண்டக்டர் அண்ணனா இருந்திருக்கணும் என்று இன்றைக்கும் ஆசை.

அதற்கப்புறம்தான் உறைத்தது. அது திரும்பி வராது!

நிஜ போச்சானில் இருப்பவர் வேண்டும்போது தெர்மலை விட்டு வெளியே வந்துவிடுவார். இறக்கை மேல் தடுப்புப் பலகையைத் தூக்கினால் இறங்கிவிடும். எங்கள் களிமண் பைலட்டுக்கு அந்த வசதி கிடையாது. ஓடினோம். வரப்பு, வாய்க்கால், ரோடு, அதைத் தாண்டி மறுபடி வரப்பு. நாலு நிமிஷம் வரை பார்வையில் இருந்தது. பிறகு வெயிலில் கண் கூசி, பருந்து எது, போச்சான் எது என்றே தெரியவில்லை.

மூணு மணி நேரம் தேடினோம். மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பையன், "வெள்ளையா பெருசா ஒரு கொக்கு முள்ளுக்குள்ள விழுந்துச்சுண்ணே" என்று கை காட்டினான். சீமைக்கருவேலம் புதர். இடது இறக்கையில் காகிதம் நாலு இடத்தில் கிழிந்து, வால் ஒரு பக்கம் முறிந்து கிடந்தது. முள் கிழித்த கையோடு ரெண்டு பேரும் வெளியே எடுத்தோம். வளாகம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் கவனித்தேன்.

"டேய், வாத்தியாரக் காணோம்!"

மூடிக்குப் போட்ட டேப் அப்படியே இருந்தது. முன் சீட்டில் மாணவர் இருந்தார். பின் சீட் காலி.

கண்மாய்க் கரைக்குத் திரும்பினபோது தாத்தா அதே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் துண்டு முடிச்சை அவிழ்த்தார். உள்ளே மீசை வைத்த களிமண் பொம்மை.

"காலைல மூக்கு ஒடைஞ்சு விழுந்துச்சுல, அந்த எடத்துல கெடந்தாரு. மறுபடி உக்கார வைக்கணுமோ?"

வளாகம் கையை நீட்டவில்லை. "நீங்களே வச்சுக்கோங்க தாத்தா" என்றான்.

அன்று ராத்திரி அவன் வீட்டுத் திண்ணையில் இறக்கைக்குக் காகிதம் ஒட்ட ஆரம்பித்தோம். இன்னும் நாலு நாள் இருந்தது.